ஃபைல் பாதையும் யூஆர்எல்லும்: பிஎச்பி எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை, ஒகேனக்கல் விடுதி, ஓசூர் நர்சரி, பட்டுக்கூடு வியாபாரம் என்று சிறு தொழில்களுக்குப் பிஎச்பி மொழியில் வெப்சைட் செய்து தருபவர்களுக்கான பக்கம் இது. வேலை முறை பெரும்பாலும் ஒன்றுதான். விண்டோஸ் கணினியில் சாம்ப் (பிஎச்பியைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) போட்டு எழுதுவது, பிறகு லினக்ஸ் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஏற்றுவது. ஏற்றிய அன்றே பாதிப் படம் வராது, தலைப்பு ஃபைல் கிடைக்காது. அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

நிரலில் வரும் பெயர்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டச்சும்போது வழக்கமான ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

கணினியில் எல்லாம் வந்தது. சர்வரில் மட்டும் "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்கிறதே?

முதலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. கேமராவிலிருந்து வந்த படத்தின் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், நடுவே சிறு கோடு போட்டு வைப்பது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது பின்ஸ்லாஷ் (\). விண்டோஸ் பாதையை அப்படியே நகலெடுத்து இரட்டை மேற்கோளுக்குள் ஒட்டியிருந்தால், பிஎச்பி அதை வேறு மாதிரி படிக்கும். சி டிரைவில் உள்ள சாம்ப் ஃபோல்டரே நல்ல உதாரணம். அதன் ஆங்கிலப் பெயர் எக்ஸ், ஏ என்று தொடங்குகிறது. பின்ஸ்லாஷுக்குப் பின் எக்ஸ் வந்தால் அடுத்து வருவதைப் பதினாறடிமான எண்ணாக எடுக்கும். ஏ என்றால் 10, 10 என்றால் புதிய வரிக் குறி. உங்கள் பாதை நடுவில் உடைந்து இரண்டு வரியாகிவிடும். என், டி எழுத்துகளில் தொடங்கும் ஃபோல்டர்களுக்கும் இதே கதிதான், ஒன்று புதிய வரி, மற்றது டேப். விண்டோஸிலும் பிஎச்பி முன்ஸ்லாஷை (/) ஏற்கும். எங்கும் அதையே போடுங்கள்.

படம் பிரவுசரில் தெரிகிறது. ஆனால் பிஎச்பியின் ஃபைல்_எக்ஸிஸ்ட்ஸ் "இல்லை" என்கிறது. எது பொய்?

இரண்டும் உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டுமென்றால் அது இதுதான்: ஒரு பாதையை எழுதும் முன், அதைப் படிக்கப்போவது பிஎச்பியா, பிரவுசரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

/படங்கள்/மல்கோவா.ஜேபிஜி என்று எழுதினால், பிரவுசர் முதல் ஸ்லாஷை "இந்த டொமைனின் வேர்" என்று எடுத்துக்கொள்ளும். பிஎச்பிக்கு அதே ஸ்லாஷ் "இந்த டிஸ்க்கின் வேர்". அந்தப் படம் டிஸ்க்கில் உண்மையில் இருப்பது /ஹோம்/மாங்கனி/பப்ளிக்_எச்டிஎம்எல்/படங்கள்/மல்கோவா.ஜேபிஜி என்ற இடத்தில். பப்ளிக்_எச்டிஎம்எல் என்பது வெளியுலகம் பார்க்கும் சைட் ஃபோல்டர். பிஎச்பி டிஸ்க்கின் உச்சியில் "படங்கள்" என்று ஒரு ஃபோல்டரைத் தேடிவிட்டு இல்லை என்கிறது.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். இமேஜ் டேக்கில் /ஹோம்/ என்று தொடங்கும் பாதை போனால் படம் வராது. போதாததற்கு உங்கள் ஹோஸ்டிங் பயனர் பெயரும் பக்கத்தின் மூலத்தில் ஊருக்கே தெரியும்.

வேறு ஃபைலைச் சேர்க்கும் இன்க்ளூட் சில பக்கங்களில் வேலை செய்கிறது, சிலவற்றில் இல்லை. ஏன்?

"தொப்பூர் கணவாய் தாண்டி இரண்டாவது இடது" என்று வழி சொன்னால், கேட்பவர் சேலத்திலிருந்து வருகிறாரா தர்மபுரியிலிருந்து வருகிறாரா என்பதைப் பொறுத்து வேறு வேறு ஊருக்குப் போய்ச் சேருவார். புள்ளி புள்ளி ஸ்லாஷ் (../) போட்டுத் தொடங்கும் பாதையும் அப்படித்தான். அது, எழுதப்பட்டிருக்கும் ஃபைலிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. நடப்பு ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படுகிறது. வெப் சர்வரில் நடப்பு ஃபோல்டர் என்பது, பொதுவாக, முதலில் அழைக்கப்பட்ட ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர்.

வேரில் இண்டெக்ஸ்.பிஎச்பி இருக்கிறது. அது உள்/தலைப்பு.பிஎச்பியைச் சேர்க்கிறது. தலைப்பு ஃபைலுக்குள் ../அமைப்பு.பிஎச்பி என்று இருக்கிறது. நிர்வாகம்/விலை.பிஎச்பியிலிருந்து இதே தலைப்பைச் சேர்த்தால் ஒரு படி மேலே போய் அமைப்பு ஃபைலைச் சரியாகப் பிடிக்கும். இண்டெக்ஸிலிருந்து வந்தாலோ பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கே வெளியே போய்த் தேடும். கிடைக்காது.

புள்ளியும் ஸ்லாஷும் இல்லாமல் வெறும் பெயர் கொடுத்தால் தேடும் வரிசையே வேறு. முதலில் இன்க்ளூட்_பாத் அமைப்பில் உள்ள ஃபோல்டர்கள், பிறகு அந்த வரி இருக்கும் ஃபைலின் ஃபோல்டர், பிறகு நடப்பு ஃபோல்டர். "கிடைத்துவிட்டது" என்று நீங்கள் நினைப்பது அதே பெயருள்ள வேறு ஃபைலாகக்கூட இருக்கலாம்.

இதற்கு மருந்து டிர் மாறிலி. முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டுப் பெரிய எழுத்தில் எழுதுவது. பிஎச்பி 5.3 முதல் இருக்கிறது. அந்த வரி எந்த ஃபைலில் இருக்கிறதோ அந்த ஃபைலின் ஃபோல்டரை முழுப் பாதையாகத் தரும். கடைசியில் ஸ்லாஷ் இருக்காது, ஆகவே ஒட்டும்போது ஸ்லாஷில் தொடங்குங்கள்: டிர் மாறிலி, ஒரு புள்ளி, மேற்கோளுக்குள் /../அமைப்பு.பிஎச்பி. ஸ்லாஷை மறந்தால் "உள்../அமைப்பு.பிஎச்பி" என்று இல்லாத பாதை பிறக்கும். இரண்டு மூன்று படி மேலே போக டிர்நேம் ஃபங்ஷனின் இரண்டாவது இடத்தில் எண்ணைக் கொடுக்கலாம், இது 7.0 முதல்.

கிரான் வேலையில் ஓடும் ஸ்கிரிப்ட் மட்டும் ஃபைலைக் காணவில்லை என்கிறது.

அதே நோய்தான். கட்டளை வரியில் ஓடும் பிஎச்பி, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்குத் தானாக மாறாது. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் கிரான் பெரும்பாலும் உங்கள் ஹோம் ஃபோல்டரிலிருந்து கிளப்பும். கூடவே இன்னொன்று: டாக்குமெண்ட்_ரூட் (சைட்டின் டிஸ்க் வேர்), எச்டிடிபி_ஹோஸ்ட் (கேட்கப்பட்ட டொமைன் பெயர்) போன்றவற்றை நிரப்புவது வெப் சர்வர். கிரானில் அது இல்லை, ஆகவே அந்த மதிப்புகளை நம்பிய பாதைகளும் லிங்குகளும் உடையும். விடிகாலையில் மண்டி விலையை இழுத்துப் போடும் ஸ்கிரிப்டில் டிர் மாறிலியை மட்டும் நம்புங்கள்.

அப்படியானால் ஒரு சைட்டை எப்படி அமைப்பது?

மூன்று மதிப்புகள் போதும், அமைப்பு.பிஎச்பியில் ஒரே இடத்தில். முதலாவது டிஸ்க் வேர், டிர் மாறிலியிலிருந்து கிடைப்பது. இரண்டாவது யூஆர்எல் வேர், சைட் டொமைனின் உச்சியில் இருந்தால் வெறும் ஸ்லாஷ், உட்ஃபோல்டரில் இருந்தால் /நர்சரி/ போல. மூன்றாவது முழு முகவரி, நெறிமுறையும் டொமைனும் சேர்த்து, கையால் எழுதியது.

இன்க்ளூட், ஃபைல் திறப்பது, அப்லோடைச் சேமிப்பது எல்லாம் முதலாவதை ஒட்டித் தொடங்கும். இமேஜ், ஸ்டைல்ஷீட், லிங்க் எல்லாம் இரண்டாவதை ஒட்டி. மூன்றாவது மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப் பகிர்வுக்கும், சைட்டுக்கு வெளியே போகும் எதற்கும். டேட்டாபேஸில் இந்த மூன்றையும் சேமிக்காதீர்கள். படங்கள்/மல்கோவா.ஜேபிஜி என்று வேரில்லாத பாதையை மட்டும் வையுங்கள். ஹோஸ்டிங் மாறும்போது இதன் அருமை தெரியும்.

அழகான யூஆர்எல் போட்டதும் ஸ்டைல் எல்லாம் போய்விட்டது.

/மாம்பழம்/தோத்தாபுரி/ என்பது சர்வரைப் பொறுத்தவரை இண்டெக்ஸ்.பிஎச்பிதான், ரீரைட் விதி (கேட்ட யூஆர்எல்லை வேறு ஃபைலுக்குத் திருப்பச் சர்வருக்குச் சொல்வது) அப்படித் திருப்புகிறது. பிரவுசருக்கு அது தெரியாது. ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்று மொட்டையாக எழுதியிருந்தால் /மாம்பழம்/தோத்தாபுரி/ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்று கேட்கும். கடைசி ஸ்லாஷ் இல்லாத யூஆர்எல்லில் இருந்தால் /மாம்பழம்/ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்று கேட்கும். ஒரே பக்கம், கடைசியில் ஒரு கோடு கூடியதோ குறைந்ததோ, கேட்கும் இடமே மாறிவிடுகிறது.

இதில் ஏமாற்றும் இடம், பிழை 404 (அப்படி ஒன்று இல்லை) ஆக வராது. இல்லாத எதையும் இண்டெக்ஸுக்கு அனுப்பச் சொல்லியிருப்பதால், ஸ்டைல்ஷீட் கேட்ட இடத்தில் ஒரு எச்டிஎம்எல் பக்கம் 200 (எல்லாம் சரி) என்ற பதிலோடு வரும். பிரவுசரின் கன்சோலைத் திறந்தால் வகை பொருந்தவில்லை என்று திட்டியிருக்கும். யூஆர்எல் வேர் மதிப்பை முன்னால் ஒட்டுவதே தீர்வு. பேஸ் டேக் (பக்கத்தின் எல்லா லிங்குக்கும் அடிப்படை முகவரி தருவது) போடுவோரும் உண்டு. அது பக்கத்துக்குள்ளேயே தாவும் ஹேஷ் லிங்குகளையும் வேருக்கு இழுத்துப்போகும் என்பதால் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சிஎஸ்எஸ்ஸுக்குள் எழுதும் படப் பாதை அந்த சிஎஸ்எஸ் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து கணக்காகும், பக்கத்திலிருந்து அல்ல.

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

பக்கத்தின் யூஆர்எல்லில் வைக்கலாம். டிஸ்க்கில் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காரணம் ஒன்றல்ல.

யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் "கி" இரண்டு குறியீடு, 6 பைட். "கிருஷ்ணகிரி" 11 குறியீடு, 33 பைட். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு எல்லை பொதுவாக 255 பைட். பின்னொட்டு போக 83 குறியீடுதான் மிஞ்சும். விண்டோஸ் எண்ணுவது பைட்டை அல்ல, ஆகவே அங்கே 200 குறியீடு கொண்ட நீளப் பெயர் நன்றாக இருக்கும், சர்வரில் ஏறாது.

இரண்டாவது இன்னும் கண்ணில் படாதது. ஒ, ஓ, ஔ ஓசை ஏறிய உயிர்மெய்களை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். "தோ" என்பதைத் தகரம், ஓகாரக் குறி என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். தகரம், இரட்டைக் கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது, லினக்ஸுக்கு இரண்டும் வேறு ஃபைல். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் வடிவம் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த தோத்தாபுரி.ஜேபிஜியை நீங்கள் தட்டச்சிய பெயரில் கேட்டால் 404. தொப்பூர், மொரப்பூர், பொம்மிடி, போச்சம்பள்ளி என்று நம் ஊர்ப் பெயர்களில் இந்த எழுத்துகள் தாராளமாக இருப்பதால் இங்கே அடிக்கடி மாட்டுகிறது. சோதிக்க எளிய வழி, பைட்டை எண்ணிச் சொல்லும் எஸ்டிஆர்லென். "தோத்தாபுரி" சேர்ந்த வடிவில் 30 என்று காட்டும், பிரிந்த வடிவில் 33. இன்டில் நீட்சியில் உள்ள நார்மலைசர் வகுப்பு பிரிந்ததைச் சேர்த்துத் தரும். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டு எழுதியதை மட்டும் அதனாலும் திருத்த முடியாது, அது எழுத்துப்பிழைக் கணக்கு.

மூன்றாவது, பாதையிலிருந்து ஃபைல் பெயரைப் பிரித்துத் தரும் பேஸ்நேம், பாத்இன்ஃபோ இரண்டும் லோக்கேல் (சர்வரின் மொழி, எழுத்துமுறை) அமைப்பைச் சார்ந்தவை. அது சரியாக இல்லாத சர்வரில் பழைய பிஎச்பி பதிப்புகள் பெயரின் முன்பகுதித் தமிழ் எழுத்துகளை விழுங்கிவிடும். ஜிப் கட்டி ஏற்றிப் பிரிக்கும்போது பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறுவதும் உண்டு.

ஆகவே டிஸ்க்கில் 1047.பிடிஎஃப் போல எண். தமிழ்ப் பெயர் டேட்டாபேஸில். பதிவிறக்கும்போது கன்டென்ட்-டிஸ்போசிஷன் தலைப்பில், நட்சத்திரக் குறியுள்ள ஃபைல்நேம் வழியாகத் தமிழ்ப் பெயரை அனுப்பினால் வாங்குபவர் கணினியில் தமிழிலேயே இறங்கும்.

யூஆர்எல்லில் தமிழ் வைத்தால் ஒரு சங்கடம். முகவரிப் பட்டையில் அழகாகத் தெரியும், நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளாக விரியும். "தர்மபுரி" மட்டுமே 72 எழுத்து.

யூஆர்எல்என்கோட், ராயூஆர்எல்என்கோட் இரண்டில் எது?

யூஆர்எல்லில் நேரடியாக வைக்க முடியாத எழுத்துகளைக் குறியீடாக்குபவை இரண்டும். பாதைக்கு ரா (ராயூஆர்எல்என்கோட்). கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதிக்கு எச்டிடிபி_பில்ட்_குவெரி. யூஆர்எல்என்கோட் இடைவெளியைக் கூட்டல் குறியாக்கும், ரா அதை %20 ஆக்கும். பாதைப் பகுதியில் கூட்டல் என்றால் கூட்டல்தான். பெயரிலேயே கூட்டல் குறியுள்ள ஃபைலைச் சர்வர் தேடும்.

முழுப் பாதையையும் ஒரே மூச்சில் ராவிடம் கொடுக்காதீர்கள். ஸ்லாஷும் குறியீடாகிவிடும், வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சி இயல்பான அமைப்பில் அதற்கு 404 தரும். ஸ்லாஷில் பிரித்து, துண்டு துண்டாகக் குறியாக்கி, மறுபடி ஸ்லாஷால் ஒட்டுங்கள். ஒருமுறைதான். இரண்டு முறை குறியாக்கினால் %20 என்பது %2520 ஆகும்.

வாடிக்கையாளர் தரும் ஃபைல்களில் "#1 தரம்.ஜேபிஜி", "50% தள்ளுபடி.பிடிஎஃப்" போன்ற பெயர்கள் வரும். ஹேஷுக்குப் பின் உள்ளதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. குறியாக்காத விழுக்காட்டுக் குறிக்கு 400 பிழை கிடைக்கும்.

ஃபைல் பெயரை யூஆர்எல்லில் வாங்கி அந்த ஃபைலைத் தருகிறேன். ஆபத்து உண்டா?

உண்டு, பெரிய ஆபத்து. புள்ளி புள்ளி ஸ்லாஷ் போட்டு மேலே ஏறி உங்கள் அமைப்பு.பிஎச்பியைக் கேட்டால், ஃபைலை அப்படியே அனுப்பும் ரீட்ஃபைல் அதையும் டேட்டாபேஸ் கடவுச்சொல்லோடு எடுத்துக் கொடுத்துவிடும்.

எஸ்டிஆர்_ரீப்ளேஸ் வைத்து ../ ஐ நீக்குவது பாதுகாப்பே இல்லை. ....// என்று அனுப்பினால், நடுவில் உள்ள ../ போய், மிச்சம் ஒட்டிக்கொண்டு மறுபடி ../ ஆகும்.

நல்ல வழி, பெயரே வாங்காமல் இருப்பது. எண்ணை வாங்குங்கள், டேட்டாபேஸில் பார்த்து ஃபைலை நீங்களே தீர்மானியுங்கள். பெயர்தான் வேண்டும், எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கிறது என்றால் பேஸ்நேம் போதும். உட்ஃபோல்டர்களும் உண்டென்றால் இப்படி: அடிப்படை ஃபோல்டரை ரியல்பாத்தில் கொடுத்து முழுப் பாதை வாங்குங்கள். அதோடு பயனர் தந்ததை ஒட்டி அதையும் ரியல்பாத்தில் கொடுங்கள். ஃபைல் இல்லையென்றால் ஃபால்ஸ் வரும், அங்கேயே 404 கொடுத்து நிறுத்துங்கள். வந்த பாதை அடிப்படைப் பாதையில் தொடங்குகிறதா என்று எஸ்டிஆர்_ஸ்டார்ட்ஸ்_வித் கொண்டு பாருங்கள், இது 8.0 முதல். ஒப்பிடும்போது அடிப்படையின் கடைசியில் ஸ்லாஷ் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் /பில்கள் என்று சோதித்தது /பில்கள்-பழையது ஃபோல்டரையும் உள்ளே விட்டுவிடும்.

பில், ஒப்பந்தம் போன்றவை பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே, பக்கத்து ஃபோல்டரில் இருக்கட்டும். பயனர் தந்த பெயரை இன்க்ளூட்டில் மட்டும் எந்த நிலையிலும் போடாதீர்கள்.

இன்க்ளூட்டில் முழு யூஆர்எல் கொடுக்கலாமா?

வேண்டாம். இயல்பான அமைப்பில் அது மூடியே இருக்கும். திறந்தாலும் கிடைப்பது அந்தப் பக்கத்தின் வெளியீடுதானே தவிர அதன் ஃபங்ஷன்கள் அல்ல.

பிஎச்பி_செல்ஃப், ஸ்கிரிப்ட்_நேம், ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ: எதை எதற்கு?

பிரவுசர் கேட்டது அப்படியே வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ. கேள்விக்குறிக்குப் பின் உள்ளதும் அதில் சேர்ந்தே வரும், பாதை மட்டும் வேண்டுமென்றால் பார்ஸ்_யூஆர்எல் வைத்துப் பிரியுங்கள். ஓடும் ஸ்கிரிப்டின் யூஆர்எல் பாதைக்கு ஸ்கிரிப்ட்_நேம். டிஸ்க் பாதைக்கு ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம்.

பிஎச்பி_செல்ஃபை ஃபாரம் ஆக்ஷனில் போடும் பழக்கத்தை விடுங்கள். இண்டெக்ஸ்.பிஎச்பிக்குப் பின் ஸ்லாஷ் போட்டு எதை எழுதினாலும் அது இந்த மதிப்பில் சேர்ந்து வரும், ஸ்கிரிப்ட் டேக் உட்பட. ஆக்ஷனை எழுதாமல் விட்டாலே அதே பக்கத்துக்குத்தான் போகும்.

முழு முகவரியை எச்டிடிபி_ஹோஸ்டிலிருந்து எடுத்தால் என்ன?

அந்த மதிப்பை அனுப்புவது பிரவுசர், அதாவது யாரோ ஒருவர். கடவுச்சொல் மாற்றும் மின்னஞ்சலில் அதை வைத்து லிங்க் கட்டினால், வேறு டொமைனை அனுப்பி உங்கள் வாடிக்கையாளரை அங்கே இழுக்க முடியும். அதற்காகத்தான் மூன்றாவது மதிப்பைக் கையால் எழுதச் சொன்னது.

எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும் வரி போட்டதும் பக்கம் சுற்றிச் சுற்றி வந்தால், நடுவில் ஒரு பிராக்ஸி (இடையில் நின்று கோரிக்கையைக் கடத்தும் சர்வர்) இருக்கிறது என்று பொருள். பிரவுசர் பிராக்ஸி வரை பாதுகாப்பாக வருகிறது. பிராக்ஸி உங்கள் சர்வரிடம் சாதாரண எச்டிடிபியில் பேசுகிறது. ஒவ்வொரு முறையும் "பாதுகாப்பு இல்லை" என்று நீங்கள் திருப்பி அனுப்புகிறீர்கள். எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ தலைப்பைப் பாருங்கள், ஆனால் கோரிக்கை அந்த பிராக்ஸியிலிருந்து வந்தால் மட்டும்.

பழைய லிங்குகள் உடையாமல் ஃபோல்டர் அமைப்பை மாற்றுவது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9ல். /தர்மபுரி/ஓசூர்/ என்று யூஆர்எல் கட்டிய முகவரிப் பட்டியல் எதுவானாலும் அன்றே பிழையாகிவிடும். 2019ல் ஓசூர் மாநகராட்சியானதும் /நகராட்சி/ஓசூர்/ என்பதும் பழசு. அரசாணை ஒன்றில் மாறக்கூடிய எதையும் யூஆர்எல்லின் அடுக்கில் வைக்காதீர்கள். /இடம்/ஓசூர்/ போதும், மாவட்டம் பக்கத்துக்குள் இருக்கட்டும்.

ஏற்கனவே வைத்துவிட்டீர்கள் என்றால் எச்டிஆக்சஸ் ஃபைலில் (அப்பாச்சிக்கு விதி சொல்லும் ஃபைல்) ஒரு வரி: ரீடைரக்ட் 301 /தர்மபுரி/ஓசூர் /இடம்/ஓசூர். முன்பகுதி பொருந்தினால் மிச்சப் பாதையையும் அதுவே ஒட்டிக்கொண்டு போகும். முதலில் தற்காலிகத் திருப்பமான 302 போட்டுச் சோதியுங்கள். நிரந்தரத் திருப்பமான 301ஐப் பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், தவறாகப் போட்டுவிட்டால் திருத்திய பிறகும் பழைய இடத்துக்கே போய் நிற்கும்.

பிஎச்பியிலிருந்தே திருப்பினால் ஹெடர் வரிக்குப் பின் எக்ஸிட் கட்டாயம். இல்லாவிட்டால் கீழே உள்ள நிரலும் ஓடும், "நீக்கு" உட்பட.

அப்லோட் ஃபைல் சேமிக்க மறுக்கிறது.

மூவ்_அப்லோடட்_ஃபைலின் இரண்டாவது இடத்தில் யூஆர்எல் கொடுத்திருப்பீர்கள். அங்கே வேண்டியது டிஸ்க் பாதை. அது சரி என்றால், அந்த ஃபோல்டர் ஏற்கனவே இருக்கிறதா என்று பாருங்கள், இந்த ஃபங்ஷன் ஃபோல்டரை உருவாக்காது. பிறகு அனுமதி: ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. 777 (யாரும் எழுதலாம்) போட்டால் ஓடும் என்று சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கேமரா படம் ஏறவில்லை, சிறிய படம் ஏறுகிறது என்றால் அது பாதைப் பிரச்சினையே அல்ல. அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் இயல்பில் 2 எம்பி, போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் 8 எம்பி. இரண்டாவதைத் தாண்டினால் ஃபைல்ஸ் மட்டுமல்ல, போஸ்ட் பட்டியலே காலியாக வரும். ஃபாரமே அனுப்பப்படாதது போலத் தெரிவது அதனால்தான்.